எடுக்காத இலையும் ஏழாம் நம்பர் பஸ்ஸும்

கல்லூரி பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று போனில் காட்டும் ஒரு ப்ரோக்ராம். இறுதியாண்டு ப்ராஜெக்ட். ஹாஸ்டல் அறைத்தோழர்கள் இரண்டு பேர் சேர்ந்து எழுதியது. ஒருவன் திரையில் தெரியும் பகுதியை எடுத்துக்கொண்டான். இன்னொருவன் பின்னணியில் ஓடும் பகுதியை எடுத்துக்கொண்டான். பின்னால் ஓடுவதை யார் வந்து பார்க்கப் போகிறார்கள், வேலை சுலபம் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கு தப்பிப்போன கதைதான் இது.

மொத்தம் 14 பஸ். ஒவ்வொன்றிலும் சிம் கார்டு போட்ட சின்ன ஜிபிஎஸ் கருவி. 10 விநாடிக்கு ஒருமுறை அது தன் எண்ணையும் இருக்கும் இடத்தையும் ஒரு வரியாக டிசிபி வழியே அனுப்பும். பஸ் ஆபீஸ் மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் அவனுடைய சர்வீஸ் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். வரி வந்ததும், அந்தக் கருவி எந்த பஸ்ஸுடையது, அந்த பஸ் இன்றைக்கு எந்த ரூட் என்று டேட்டாபேஸில் பார்த்து, ரூட்டோடு சேர்த்து எழுதி வைக்கும். மாணவர்கள் போனில் "ரயில்வே கேட் ரூட் - பஸ் 7 - இன்னும் 6 நிமிடம்" என்று தெரியும். அவ்வளவுதான் மொத்த ப்ராஜெக்டும்.

எழுதியது டாட் நெட் 8-இல். இந்த மாதிரி பின்னணி வேலைக்கென்றே 2018-இல் வந்த டாட் நெட் கோர் 2.1-லிருந்து 'பேக்கிரவுண்ட் சர்வீஸ்' என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. அதை ஓட்டுவதற்கு 'ஹோஸ்ட்' என்று ஒன்று. அந்த ஹோஸ்டுக்குள்ளேயே டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் கன்டெய்னரும் உட்கார்ந்திருக்கும்.

டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்றால் பெரிய மந்திரம் எல்லாம் இல்லை. ஒரு கிளாஸுக்கு டேட்டாபேஸ் வேண்டும் என்றால் அது தானே 'நியூ' போட்டு உருவாக்கிக்கொள்ளாது. "எனக்கு இது வேண்டும்" என்று கன்ஸ்ட்ரக்டரில் கேட்கும். உருவாக்கித் தருவது கன்டெய்னரின் பொறுப்பு. இந்தப் பெயர் பரவியது மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் எழுதிய ஒரு கட்டுரையால். பெயர்தான் மிரட்டும். விஷயம் வீட்டில் "அம்மா, காபி" என்று கேட்பது மாதிரிதான்.

கேட்டதைக் கொடுப்பது சரி. கொடுத்த பொருள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்க வேண்டும்? வம்பு எல்லாம் இங்கேதான்.

முதல் எர்ரர் சாதாரணமானது. "இந்த சர்வீஸை உருவாக்கும்போது இன்ன வகையைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வந்தது. கன்டெய்னரில் பதிவு செய்யாமலே கேட்டிருக்கிறான். இன்டர்ஃபேஸைக் கேட்டுவிட்டு, பதிவில் வெறும் கிளாஸை மட்டும் கொடுத்திருந்தான். ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

இரண்டாவது எர்ரர்தான் வில்லன். நீளமாக வந்தது. சாரம் இதுதான்: "சிங்கிள்டன் ஒன்று ஸ்கோப்ட் சர்வீஸைப் பயன்படுத்த முடியாது." அவனுடைய சர்வீஸ் சிங்கிள்டன். டேட்டாபேஸோடு பேசும் டிபி-கான்டெக்ஸ்ட் ஸ்கோப்ட். ப்ரோக்ராம் கிளம்பவே மாட்டேன் என்று நின்றுவிட்டது.

மணி இரவு ஒன்றரை. மறுநாள் காலை கைடிடம் காட்ட வேண்டும்.

அறைத்தோழன் சொன்னான்: "டேய், நீ எடிட்டர்ல இருந்து ஓட்டுற. பப்ளிஷ் பண்ணி எக்ஸ்இ-யை டபுள் கிளிக் பண்ணிப் பாரேன்."

பார்த்தான். ஓடியது!

எர்ரர் இல்லை. போர்ட் திறந்தது. சோதனைக்கு ஒரு வரி அனுப்பினால் டேட்டாபேஸில் ஏறியது. "எடிட்டர்தான்டா லூசு" என்று தீர்ப்பு எழுதிவிட்டு இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். கறுப்புத் திரையில் "ஹோஸ்டிங் என்விரான்மென்ட்: ப்ரொடக்‌ஷன்" என்று ஒரு வரி வந்திருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

காலையில் ஒரே ஒரு பஸ்ஸை வைத்து டெமோ. கைடுக்கு மகிழ்ச்சி. ஒரு வாரத்தில் 14 பஸ்ஸிலும் கருவி மாட்டியாகிவிட்டது. அன்று மாலையே அடுத்த எர்ரர் வந்தது. "இந்த கான்டெக்ஸ்டில் முதல் வேலை முடிவதற்குள் இரண்டாவது வேலை தொடங்கப்பட்டது."

டிபி-கான்டெக்ஸ்ட் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். இரண்டு பஸ்ஸின் வரிகள் ஒரே நொடியில் வந்தால் முட்டிக்கொள்ளும். அவன் ஒரு செமஃபோரைப் போட்டு எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தான். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். எர்ரர் காணாமல் போனது. முட்டிக்கொண்ட 14 பேரும் ஏன் ஒரே கான்டெக்ஸ்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு இன்னொரு தொல்லை. காலையில் குதிரை மாதிரி ஓடும் சர்வீஸ், மாலையில் கல்லூரி விடும் நேரத்துக்கு மாட்டு வண்டி ஆகிவிடும். மெமரியும் ஏறிக்கொண்டே போகும். காரணம் தேடும் பொறுமை இல்லை, செமஸ்டர் பரீட்சை வேறு. நள்ளிரவு 12 மணிக்கு சர்வீஸைக் கொன்று மறுபடி எழுப்பும்படி விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையைப் போட்டுவிட்டான். மாலை மந்தத்தை மட்டும் பொறுத்துக்கொண்டால் போதும், மறுநாள் காலை மறுபடி குதிரை. அதுவும் தீர்ந்தது.

ஆக மூன்று முறை எச்சரிக்கை வந்தது. மூன்று முறையும் அதன் வாயைப் பொத்தியாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை. ரயில்வே கேட் பக்கம் சாலையைத் தோண்டிவிட்டார்கள். காலை 6.15-க்கு பஸ் ஆபீஸ் பொறுப்பாளர் வெப் பக்கத்தைத் திறந்து, 7-ஆம் நம்பர் பஸ்ஸை ரயில்வே கேட் ரூட்டிலிருந்து மார்க்கெட் ரூட்டுக்கு மாற்றினார். முன்பெல்லாம் இப்படி மாற்றினால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் போடுவார். இப்போதுதான் போனிலேயே தெரிகிறதே, எதற்கு என்று விட்டுவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நம்பச் சொன்னதே இவர்கள்தான்.

ரயில்வே கேட் ஸ்டாப்பில் 11 பேர் நின்றிருந்தார்கள். போனில் பஸ் 7 அவர்கள் ரூட்டிலேயே வந்துகொண்டிருந்தது. "இன்னும் 6 நிமிடம்." பிறகு 5. பிறகு 8. பிறகு 11. பஸ் மார்க்கெட் வழியாகக் கல்லூரிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இவர்கள் டவுன் பஸ் பிடித்து வந்தபோது முதல் மணி நேரத்து இன்டர்னல் டெஸ்ட் முடிந்திருந்தது.

அந்தப் பதினொரு பேரில் முதலாண்டு பெண் ஒருத்தி. மதியம் மெஸ் வாசலில் அவனைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டாள். "அண்ணா, போன்ல 6 நிமிஷம்னு போட்டிருந்துச்சே? அதான் ஆட்டோ பிடிக்காம நின்னோம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாப்பிடாமல் பஸ் ஆபீசுக்கு ஓடினான். முதலில் வெப் பக்கத்தைச் சந்தேகப்பட்டான் (அது அறைத்தோழன் எழுதியது, அதனால் சந்தேகப்படுவது சுலபம்). டேட்டாபேஸில் பார்த்தால் பஸ் 7-க்கு நேராக 'மார்க்கெட்' என்று ஒழுங்காக இருக்கிறது. சரி, சர்வீஸ் டேட்டாபேஸைக் கேட்கவே இல்லையோ? லாக் பார்த்தான். 10 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு வரிக்கும் கேள்வி போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதே கேள்வியைக் கையால் ஓட்டினால் பதில் 'மார்க்கெட்'. சர்வீஸ் கையில் மட்டும் 'ரயில்வே கேட்'.

ஒரே கேள்வி, ஒரே டேட்டாபேஸ், இரண்டு பதில். இருபது நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரீஸ்டார்ட் செய்தான். உடனே 'மார்க்கெட்' என்றது.

வேலையில் சேர்ந்துவிட்ட ஒரு சீனியருக்குப் போன் போட்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒரே வரி: "தம்பி, ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுதுன்னா, எப்பவோ போய்ச் சேர வேண்டிய ஒண்ணு இன்னும் உயிரோட சுத்திட்டு இருக்குன்னு அர்த்தம்."

பிறகு கேட்டார். "ஆரம்பத்துல சிங்கிள்டன், ஸ்கோப்ட்னு ஏதாவது எர்ரர் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா. எக்ஸ்இ-யா ஓட்டினதும் போயிடுச்சு."

"போகலை. உன்னைப் பார்த்து பயந்து ஒளிஞ்சிக்கிச்சு."

அப்புறம்தான் பந்திக் கதையைச் சொன்னார்.

கல்யாண வீட்டில் அண்டா இருக்கிறது. காலையில் அடுப்பில் ஏற்றினால் கடைசிப் பந்தி வரை அதே அண்டாதான். அது சிங்கிள்டன். இலை ஒவ்வொரு பந்திக்கும் புதிது. பந்தி முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அது ஸ்கோப்ட். கை துடைக்கக் காகிதம் கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒன்று தருவார்கள். அது டிரான்சியன்ட். பரிமாறுகிறவர் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறவர். அவரும் சிங்கிள்டன்தான். அவர் முதல் பந்தியின் இலை ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்க வருகிறவர் எல்லாருக்கும் அதே இலையிலேயே போட்டால் எப்படி இருக்கும்?

அவன் சர்வீஸ் செய்தது அதுதான். டிபி-கான்டெக்ஸ்ட் ஒரு சின்ன வேலைக்காகப் பிறந்து, முடிந்ததும் போய்விட வேண்டிய பொருள். சிங்கிள்டன் அதைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கி இறுகப் பிடித்துக்கொண்டது. 2014-இல் மார்க் சீமன் இந்தத் தவறுக்குச் 'சிறைப்பட்ட சார்பு' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார். நீண்ட ஆயுள் உள்ளது குறுகிய ஆயுள் உள்ளதைப் பிடித்துக்கொண்டால், குறுகியது நீண்டதாகிவிடும்.

இதைத் தெரிந்துகொண்டதும் எல்லாப் புதிரும் வரிசையாக அவிழ்ந்தது.

என்டிட்டி ஃப்ரேம்வொர்க் தான் ஒருமுறை படித்த பொருளை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே பஸ்ஸை மறுபடி கேட்டால் டேட்டாபேஸுக்குப் போய் வரும், ஆனால் கையில் ஏற்கெனவே இருக்கும் பழைய பொருளைத்தான் திருப்பித் தரும். வந்த புதிய மதிப்பை அதன் மேல் எழுதாது. அரை நொடி வாழும் கான்டெக்ஸ்டில் இது நல்ல குணம். நாள் முழுக்க வாழ்ந்தால் காலை 6.15-க்கு நடந்தது மாலை வரை தெரியாது.

மாலையில் மாட்டு வண்டி ஆனதும் அதனால்தான். 14 பஸ், நிமிடத்துக்கு 6 வரி என்றால் 84. மணிக்கு 5,040. பத்து மணி நேரத்தில் 50,400 பொருட்களை அது நினைவில் சுமக்கிறது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அத்தனையையும் "நீ மாறினாயா, நீ மாறினாயா" என்று விசாரிக்கிறது. மெதுவாகாமல் என்ன செய்யும்? இன்னொரு ஆபத்து நல்லவேளையாக நடக்கவில்லை. ஏதோ ஒரு வரி சேமிக்க முடியாமல் தோற்றால், அந்த வரி கான்டெக்ஸ்டிலேயே தங்கிவிடும். அடுத்தடுத்த ஒவ்வொரு சேமிப்பிலும் அதுவும் கூடவே போய்த் தோற்கும். ஒரு பஸ்ஸின் கெட்ட வரி 14 பஸ்ஸையும் நிறுத்தியிருக்கும்.

அப்படியானால் எக்ஸ்இ-யில் எர்ரர் ஏன் வரவில்லை? ஆயுள் பொருத்தம் பார்க்கும் சோதனை டெவலப்மென்ட் சூழலில் மட்டும்தான் தானாக நடக்கும். எடிட்டரிலிருந்து ஓட்டும்போது ப்ராஜெக்ட் அமைப்புக் கோப்பு 'டெவலப்மென்ட்' என்று சொல்லிவிடும். எக்ஸ்இ-யை நேரடியாக ஓட்டினால் சொல்ல ஆள் இல்லை, அதனால் ப்ரொடக்‌ஷன் என்று எடுத்துக்கொள்ளும், சோதனை நடக்காது. எடிட்டர் லூசு இல்லை. அது ஒன்றுதான் அன்று இரவு உண்மையைச் சொன்னது.

வெப் அப்ளிகேஷனில் இந்தத் தொல்லை ஏன் வருவதில்லை? அங்கே ஒவ்வொரு ரிக்வெஸ்டும் ஒரு பந்தி. இலை போடுவதையும் எடுப்பதையும் ஃப்ரேம்வொர்க்கே பார்த்துக்கொள்ளும். பின்னணி சர்வீஸில் பந்தி போட யாரும் வர மாட்டார்கள். எழுதுகிறவனே போட வேண்டும்.

அன்று இரவு உட்கார்ந்தான். முதலில் குறுக்கு வழி. டிபி-கான்டெக்ஸ்டை டிரான்சியன்ட் என்று பதிவு செய்தான். டெவலப்மென்டிலும் எர்ரர் போய்விட்டது! ஆனால் இந்த முறை சந்தோஷப்படவில்லை. கன்ஸ்ட்ரக்டர் ஓடுவதே ஒருமுறைதான். டிரான்சியன்டாக வாங்கினாலும் அந்த ஒன்றைத்தானே நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கும்? சிங்கிள்டன் என்று பதிவு செய்தாலும் அதே நோய்தான். எர்ரர் போவதும் தப்பு போவதும் வேறு வேறு என்பது உறைத்தது.

பதிவைப் பழையபடி ஸ்கோப்டாக்கினான். கன்ஸ்ட்ரக்டரில் டிபி-கான்டெக்ஸ்டைக் கேட்காமல், ஸ்கோப் உருவாக்கித் தரும் ஃபேக்டரியைக் கேட்டான். அது சிங்கிள்டன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். கனெக்‌ஷன் வரும்போது ஒரு ஸ்கோப் திறந்து, அதிலிருந்து டிபி-கான்டெக்ஸ்டை எடுத்தான். ஓட்டினான். ரூட்டை மாற்றிப் பார்த்தான். பழைய ரூட்டே வந்தது!

ஐந்து நிமிடம் தலையில் கை. பிறகு புரிந்தது. வெப்பில் ரிக்வெஸ்ட் நொடியில் முடிந்துவிடும். இந்தக் கருவி காலையில் கனெக்‌ஷன் போட்டால் மாலை வரை விடாது. காலையில் உட்கார்ந்து இரவு வரை எழுந்திருக்காத விருந்தாளி. அவர் எழுந்தால்தான் இலை எடுப்பேன் என்றால் எப்போது எடுப்பது? நெட்வொர்க் சர்வீஸில் கனெக்‌ஷன் ஒரு பந்தி அல்ல. வரும் ஒவ்வொரு தகவலும் ஒரு பந்தி.

ஸ்கோப் திறக்கும் இடத்தை உள்ளே தள்ளி, ஒவ்வொரு வரிக்கும் ஒன்றாக மாற்றினான். இப்போது வேறு எர்ரர்: "முடித்து வைக்கப்பட்ட கான்டெக்ஸ்டைத் தொடுகிறாய்." சேமிக்கும் வரியில் 'அவெய்ட்' போட மறந்திருந்தான். சாப்பிட்டு முடிப்பதற்குள் இலையை உருவிவிட்டான். இந்த எர்ரரைப் பார்த்து மட்டும் சிரிப்பு வந்தது. குறைந்தபட்சம் இது உரக்கக் கத்துகிறதே.

அவெய்ட் போட்டான். சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதனைக் கருவியின் ரூட்டை டேட்டாபேஸில் மாற்றினான். அடுத்த வரி பழைய ரூட்டோடு வந்தால் இன்னும் எங்கோ இலை எடுக்கவில்லை என்று அர்த்தம். பத்து விநாடி. புதிய ரூட்.

செமஃபோரை எடுத்தான். 14 போலி கருவிகளை ஒரே நேரத்தில் அனுப்ப வைத்தான். முட்டவில்லை. ஆளுக்கொரு கான்டெக்ஸ்ட் இருக்கும்போது எதற்கு முட்ட வேண்டும்? டாஸ்க் ஷெட்யூலரில் இருந்த நள்ளிரவுக் கொலையையும் நீக்கினான். கடைசியாக, ஆயுள் பொருத்தச் சோதனை ப்ரொடக்‌ஷனிலும் நடக்கும்படி ஹோஸ்டின் அமைப்பில் ஒரு வரி சேர்த்தான். ஒரு வரிதான். முதல் நாள் இரவே சேர்த்திருந்தால் எக்ஸ்இ-யும் கிளம்ப மாட்டேன் என்று நின்றிருக்கும். கைடிடம் திட்டு விழுந்திருக்கும். பதினொரு பேர் டெஸ்ட் எழுதியிருப்பார்கள்.

இதே வம்பில் மாட்டுகிறவர்கள் பார்க்க வேண்டியவை சிலதான்:

1. எர்ரர் ஒரு இடத்தில் வந்து இன்னொரு இடத்தில் வரவில்லை என்றால், இரண்டு இடத்திலும் என்விரான்மென்ட் என்ன என்று முதலில் படியுங்கள்.
2. சிங்கிள்டன் எதையெல்லாம் கன்ஸ்ட்ரக்டரில் வாங்குகிறது, அது வாங்கும் பொருள் உள்ளே எதை வாங்குகிறது என்று சங்கிலி முழுவதையும் பாருங்கள்.
3. டிரான்சியன்ட் என்று மாற்றியதும் எர்ரர் போனால் நம்பாதீர்கள்.
4. வேலையின் ஒரு அலகு எது என்று முடிவு செய்துவிட்டு ஸ்கோப் திறங்கள். கனெக்‌ஷனா, தகவலா என்பது கன்டெய்னருக்குத் தெரியாது.
5. டேட்டாபேஸ் மட்டும்தான் வேண்டும் என்றால், என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் 5-இல் (2020) வந்த டிபி-கான்டெக்ஸ்ட் ஃபேக்டரியே போதும்.
6. ரீஸ்டார்ட் மருந்து இல்லை. அது ஒரு அறிகுறியைக் காட்டும் கருவி.

மறுநாள் காலை இரண்டு பேரும் இன்டர்னல் நடத்திய ஆசிரியரிடம் போனார்கள். சிங்கிள்டன், ஸ்கோப்ட் என்று விளக்கலாம் என்று அறைத்தோழன் யோசித்து வைத்திருந்தான். அவன் வேண்டாம் என்றுவிட்டான். "சார், அவங்க லேட்டா வரலை. எங்க ப்ரோக்ராம் தப்பாக் காட்டிச்சு. தப்பு என்னுது" என்று மட்டும் சொன்னான். ஆசிரியர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பதினொரு பேருக்கும் வியாழக்கிழமை மறு டெஸ்ட் என்றார்.

பஸ் ஆபீஸ் பொறுப்பாளரிடமும் போய்ச் சொன்னான். ரூட் மாற்றினால் போனில் தெரியும், ஆனாலும் குழுவில் ஒரு தகவல் போட்டுவிடுங்கள் சார் என்றான். "அப்ப உன் ப்ரோக்ராமை நம்பக் கூடாதா தம்பி?" என்று கேட்டார் அவர்.

"நம்புங்க சார். ஆனா அது வாயைத் திறக்காம இருந்தா மட்டும் சந்தேகப்படுங்க."

ரயில்வே கேட் பக்கம் சாலையை மூடியதும் 7-ஆம் நம்பர் பஸ் பழைய ரூட்டுக்குத் திரும்பியது. மாற்றிய பத்தாவது விநாடியில் போனில் தெரிந்தது. இப்போது சர்வீஸை ஒவ்வொரு முறை கிளப்பும்போதும், கறுப்புத் திரையில் வரும் அந்த என்விரான்மென்ட் வரியை அவன் விரலை வைத்துப் படிக்கிறான். பார்க்கும் ஜூனியர்கள் சாமி கும்பிடுகிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள் :-)